டூங்கபியின் டான்ஸ்ஹோல் அன்ரி

மகாதேவனின் மனைவி சத்தியபாமா பாடகியானது மோர் மிளகாயால். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு பாமாவின் குரலைக் கேட்பார்கள், அதன்பின் சந்தேகம் எழாது.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, தை மாதம். சிட்னியின் புறநகர் டூங்கபியில் கோடை வெயில் உச்சியைப் பிளந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பின்வளவில் ஒரு பழைய ட்ராம்போலின் நின்றது. மகள் ராகவி சின்னவளாக இருந்தபோது துள்ளி விளையாட வாங்கியது. இப்போது அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள், துள்ளுவதற்கு நேரமில்லை. பாமா அதற்கு வேறு வேலை கொடுத்திருந்தாள். மேலாலே வெயில், கீழாலே காற்று, மிளகாய் காயப்போட இதைவிட நல்ல இடம் இந்த நாட்டிலேயே கிடையாது என்பது அவளுடைய முடிவு. வெள்ளைச் சீலையை விரித்து, மோரில் ஊறிய மிளகாய்களைப் பரப்பிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் வந்தாள்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருந்தார். ஜமேக்காவில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, சிட்னியில் லொறி ஓட்டும் மனிதர். பெயர் கிளென்ரோய். மெல்பேர்னில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, பாமாவின் ஒன்றுவிட்ட அக்கா அங்கேதான் இருக்கிறா. அதனால் "பக்கத்து வீட்டுக்கு கிளென்ரோய் வந்திருக்கு" என்று மகாதேவன் சொன்ன அன்று, பாமா அக்கா குடும்பம் சொல்லாமல் வந்துவிட்டதாக நினைத்து இரண்டு சுண்டு அரிசி கூடப் போட்டுவிட்டாள்.

கிளென்ரோயின் கராஜில் அலுமாரி உயரத்தில் ஸ்பீக்கர்கள் இருந்தன. வார நாட்களில் லொறி, வார இறுதியில் பாட்டுக் கச்சேரி. அந்தச் சனிக்கிழமைதான் அவற்றை முதன்முதலாக ஒன்றாகப் பூட்டிப் பார்த்தார். குசினி யன்னலருகே நின்ற மகாதேவன் நடந்ததை முழுக்கக் கண்டார். மிளகாய்கள் முதலில் நடுங்கின. பிறகு மெல்லத் துள்ளின. பிறகு எல்லாமாகச் சேர்ந்து சீலையின் நடுவுக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போய்ப் புல்லுக்குள் குதித்தன. உண்மையில் அது பார்க்க வடிவாக இருந்தது. ஓடிப்போய்ப் பொறுக்காமல் அவர் ரசித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான். அவருக்கு முன்னால் பாமா ஓடிவிட்டாள்.

பாமா ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்பவள். அங்கே அவளுடைய ஆங்கிலம் தேன். "சொறி டார்லிங்", "நோ வொறிஸ் டார்லிங்" என்பவற்றுக்கு அப்பால் அவள் போனதில்லை. கோபம் வந்தால் மட்டும் தமிழ். அவள் ஏசும்போது மூச்செடுக்கிற வேலையை அவளுக்காக வேறு யாரோ பார்க்கிறார்களோ என்று மகாதேவன் கலியாணமான நாளிலிருந்து யோசித்து வந்திருக்கிறார்.

கராஜ் வாசலில் நின்று பாமா கத்தியது கிளென்ரோய்க்குக் கேட்கவில்லை. நல்ல மனிதர், அம்மா ஏதோ சொல்ல விரும்புகிறா என்று நினைத்துக் கையிலிருந்த மைக்கை அவளுடைய வாயருகே நீட்டினார். பாமாவின் குரல் இரண்டு அலுமாரிகளுக்குள்ளாலும் வெளியே வந்தது. அவள் ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"மழை விட்டு வெய்யில் வந்ததே இண்டைக்குத்தான். வந்த வெய்யிலில நாலு மிளகாய் காயப்போட்டால் அதுக்கும் ஆட்டம் பழக்கிறியோ? கிடாரம் மாதிரிப் பெட்டி, கிடங்கு மாதிரி வீடு, உனக்குக் காதென்ன கறிச்சட்டியோ? உன்ர பெட்டிக்கு வயித்தோட்டம் வர."

இது தொடக்கம் மட்டுந்தான். அவள் முடிக்கும்வரை கிளென்ரோய் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் அடிபிசகாமல் விழுந்ததாம். முடிந்ததும் வேலிக்கு மேலால் மகாதேவனை எட்டிப் பார்த்து, இவ எதைப்பற்றிப் பாடினவ என்று கேட்டார். மகாதேவனுக்குச் சண்டை சரிவராது. மிளகாயைப் பற்றி என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த கிழமை கிளென்ரோய் ஒரு கேக்கும் ஒரு சீடியும் கொண்டு வந்தார். எல்லாம் பதிவாகியிருந்தது. இது முதல்தரமான டான்ஸ்ஹோல், அன்ரி என்னோடு மேடைக்கு வரவேண்டும் என்றார். ஏதோ மண்டபமாக்கும் என்று நினைத்து, எந்த ஹோல் என்று மகாதேவன் கேட்டார். வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற ஹோல் என்றால் கார் நிறுத்த இடமில்லை என்பதையும் சொன்னார். ராகவி தலையில் கை வைத்துக்கொண்டு, "அது ஹோல் இல்லை அப்பா, மியூசிக்" என்றாள். ஜமேக்காவில் இப்படித்தான், தாளத்தைப் போட்டுவிட்டு அதன்மேல் விறுவிறுவென்று கதைப்பார்கள், பெருமையடிப்பார்கள், பிடிக்காதவர்களை ஏசுவார்கள் என்று விளக்கினாள். அம்மா இதற்காகவே பிறந்தவ என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டாள்.

பாமா இரண்டு கேள்விதான் கேட்டாள். ஆட வேண்டுமா? வேண்டாம். சீலை கட்டலாமா? கட்டலாம். பிறகு அந்தச் சீடியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"என்ர குரல் இவ்வளவு துப்பரவா இருக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள், கணவரைப் பார்த்து.

மகாதேவன் தன் வெள்ளைத் தாடியைத் தடவிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்தார்.

முதல் நிகழ்ச்சி மரிக்வில்லில் ஒரு பப்பின் பின்னறையில் நடந்தது. சமோவாக்காரர்கள், மாவோரிகள், சூடானியப் பிள்ளைகள், சடை வளர்த்த வெள்ளையர்கள் என்று அறை நிரம்பிவிட்டது. இவர்களோடு கையில் அட்டை பிடித்த நாலைந்து கிழவர்களும் வந்திருந்தார்கள். போஸ்டரில் 'அன்ரி பாமா' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்ததை யாரோ வாய்விட்டு வேகமாக வாசிக்க, அமெரிக்க ஜனாதிபதிக்கு எதிரான கூட்டமென்று நினைத்து அரசியல் பேச வந்தவர்கள். வந்த இடத்தில் இருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் காரமாக இருந்ததாகப் பாராட்டிப் போனார்கள்.

பச்சைக் காஞ்சிபுரத்தில் நின்ற பாமா அன்று மிளகாயைப் பற்றி முழுமூச்சாக ஏசினாள். முடிந்ததும் கூட்டம் முழுக்க "மோர், மோர்" என்று கத்தியது. இந்தச் சனத்துக்கு மோர் எப்படித் தெரியும் என்று மகாதேவன் குழம்பிப்போனார். ராகவி காதுக்குள் விளக்கிய பிறகுதான், அவர்கள் கேட்டது மிளகாய் ஊறிய மோர் இல்லை, இன்னொரு பாட்டு என்று விளங்கியது. பாமாவோ மோரைத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி, மோர் எப்படிக் கடைவது என்பதை அதே வேகத்தில் சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்கும் ஆடினார்கள்.

தமிழ் வானொலியில் பாட்டு போய்விட்டதும் தமிழ்ச் சங்கத் தலைவர் ஆனந்தராஜா வீட்டுக்கு வந்தார். கலைவிழாவில் பாமா பாட வேண்டும். ஆனால் சொற்களைச் சற்று மென்மையாக்க வேண்டும், குடும்பங்கள் வருகிற இடம் என்றார். உதாரணமாக, 'வயித்தோட்டம்' என்று வருகிற இடத்தில் 'அசௌகரியம்' என்று போடலாமே. பாமா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் முதல் மிடறு குடிக்கும்வரை பொறுத்தாள். அதற்குப் பிறகு தொடங்கினாள். உன்ர பெட்டிக்கு அசௌகரியம் வர என்று ஏசினால் எந்தப் பெட்டிக்கு உறைக்கும், அசௌகரியத்துக்கு இஞ்சித் தண்ணி குடிக்கிறதோ, ஆஸ்பத்திரிக்குப் போறதோ என்று தொடங்கி, போன வருடக் கலைவிழாவில் வடைக்கு உப்பில்லாதது வரைக்கும் போனாள். வேலிக்கு அப்பால் கிளென்ரோய் ஓசைப்படாமல் பதிவுக் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'அசௌகரியம்' முதல் பாட்டைவிடப் பெரிதாக ஓடியது. ஆனந்தராஜா சில காலம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு ஹரிஸ் பார்க்கில் இனிப்புக் கடைக்காரப் பையன்கள் அவரைக் கண்டு கைதட்டிக் கூடுதலாக ஒரு ஜிலேபி கொடுக்கவே, மனிதர் மாறிவிட்டார். புதிதாகச் சந்திக்கிற எல்லாரிடமும், அந்தப் பாட்டில் வருகிற ஆள் நான்தான் என்று கைகொடுக்கத் தொடங்கினார்.

மூன்றாவது பாட்டு 'சோக்ஸ்'. அது மகாதேவனைப் பற்றியது. உள்புறம் வெளியாகக் கழற்றிப்போட்ட சோக்ஸைப் பற்றி, அது கிடக்கிற இடங்களைப் பற்றி. அவர் வேலை செய்த ஆய்வுகூடத்தில் எல்லாரும் அவரைக் கண்டதும் அந்த ஒற்றைச் சொல்லைத் தாளத்தோடு பாடினார்கள். மற்றச் சொற்கள் விளங்காதது பெரிய நிம்மதி.

இதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பாராத சங்கடம் வந்தது. பாட்டாகிவிடுவோம் என்ற பயத்தில் டூங்கபித் தமிழர்கள் திருந்திவிட்டார்கள். பாமாவின் வீட்டு வாசலை மறித்துக் கார் நிறுத்துகிறவர்கள் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். வருடக்கணக்காகத் திரும்பாத சாப்பாட்டுப் பெட்டிகள் மூடியோடு திரும்பி வந்தன. ஆறு மணிக்குப் பிறந்தநாள் என்றால் ஆறு மணிக்கே வந்து, கேக் வெட்டுகிறவர் குளித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். கிளென்ரோய் வேலியைத் திருத்தி, ஸ்பீக்கர்களை மறுபக்கம் திருப்பி, மிளகாய் காயப்போடத் தன் கையால் ஒரு மேசையும் அடித்துக் கொடுத்தார். பாமாவுக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. முகம் பூரித்து, நடை மெதுவாகி, முதியோர் இல்லத்து ஆங்கிலம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒருநாள் மகாதேவனையே "நோ வொறிஸ்" என்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. டண்டினோங்கில் ஒரு பெரிய பூங்காவில், ஞாயிறு பிற்பகல், ஆயிரக்கணக்கில் சனம் வருகிற விழா. பாமாவை ஒத்திகைக்கு அழைத்த கிளென்ரோய் வாடிய முகத்தோடு வேலிக்கு வந்தார். அன்ரி இப்போது பாடுவது தாலாட்டு மாதிரி இருக்கிறது, தனக்கே நித்திரை வருகிறது என்றார். கலைஞருக்குள் நெருப்பு வேண்டும், அதை மூட்ட வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று மகாதேவனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகாதேவன் வாழ்நாளில் வேண்டுமென்று யாரையும் கோபப்படுத்தியவர் அல்லர். தெரியாமல் செய்ததெல்லாம் நன்றாக வேலை செய்திருக்கிறது, தெரிந்து செய்யத்தான் பழக்கமில்லை. முதலில் சம்பலுக்குள் சீனி போட்டார். பாமா ருசித்துப் பார்த்து, புதுவிதமாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அடுத்ததாக, சொல்லாமல் கொள்ளாமல் ஆனந்தராஜா குடும்பத்தை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவர்கள் தங்கள் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டு, கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல், கழற்றிய சோக்ஸை ஃபிரிட்ஜுக்குள் தயிருக்குப் பக்கத்தில் வைத்தார்.

பாமா ஃபிரிட்ஜைத் திறந்தாள். சோக்ஸை எடுத்து வெளியே வைத்தாள். மகாதேவன் கதிரையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். அவள் திரும்பி வந்து அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியுமோ?" என்று கேட்டாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

முதியோர் இல்லத்தில் இப்படி எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள். சீனிச் சம்பல், சொல்லாமல் வந்த விருந்தாளிகள், இப்போது தயிரும் சோக்ஸும். கணவருக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதென்று முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நேரச் சாப்பாட்டோடும் வல்லாரை வந்தது. வல்லாரைச் சம்பல், வல்லாரைச் சுண்டல், காலையில் வல்லாரைக் கஞ்சி. அவர் வெளியே போகும்போது சட்டைப் பையில் வீட்டு முகவரியை வைத்துவிட்டாள். மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு துண்டாக வெட்டி முன்னால் வைத்தாள். ராத்திரியில் போர்வையை இழுத்துவிட்டாள்.

மகாதேவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் மாம்பழம் நல்ல பதத்தில் இருந்தது. கலியாணம் கட்டிய புதிதில்கூட அவள் இப்படித் தலைதடவிக் கதைத்தது கிடையாது. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மெல்பேர்ன் நாள் வந்துவிட்டது.

காரில் போனார்கள். கிளென்ரோய் ஸ்பீக்கர்களோடு லொறியில் முன்னுக்குப் போய்விட்டார். கடைசி முயற்சியாக மகாதேவன் நெடுஞ்சாலையை விட்டுத் தவறான வழியில் திருப்பி, செம்மறியாடுகள் நிற்கிற ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடுகள் எவ்வளவு வடிவாக இருக்கின்றன பாருங்கோ என்றாள். பிறகு அவருடைய பெயர் என்னவென்று மெல்லக் கேட்டாள். அவர் சொன்னதும், கெட்டிக்காரர் என்று கன்னத்தைத் தட்டினாள். பின்சீட்டில் இருந்த ராகவி அப்பாவைக் கண்ணாடியில் முறைத்துப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் இதை எந்த மொழியில் தொடங்குவதென்று தெரியவில்லை.

டண்டினோங் பூங்காவில் சனம் நெருங்கி நின்றது. முன்வரிசை முழுக்க ஈழத்துப் பிள்ளைகள், சோக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஆட்டினார்கள். அறிவிப்பாளர் ராதா சென்னைக்காரி. "அடுத்ததா அன்ரி பாமா பேசுவாங்க" என்று அவர் சாதாரணமாகச் சொல்லி வைக்க, முன்வரிசை துள்ளியது. பேசுவது என்றால் அவர்களுக்கு ஏசுவது. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத அறிவிப்பை அவர்கள் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

தாளம் தொடங்கியது. பாமா மைக்கைப் பிடித்தாள். வாய் திறந்தது, ஏச்சு வரவில்லை. பிறகு, எல்லாரும் வடிவாக இருக்கிறியள், நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்றாள். தமிழ் தெரியாதவர்கள் ஆடினார்கள். தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பையன், அன்ரி பேசுங்கோ என்று கெஞ்சினான்.

"என்னால இனி ஒருத்தரையும் பேச ஏலாது பிள்ளையள்" என்றாள் பாமா. "என்ர மனுசனுக்கு எல்லாம் மறந்துகொண்டு வருது. அந்தப் பாவப்பட்ட சீவனை நான் சோக்ஸுக்காகப் பேசினனான்."

அவள் அழத் தொடங்கினாள். முன்வரிசைப் பிள்ளைகள் மாட்டியிருந்த சோக்ஸாலேயே கண்ணைத் துடைத்தார்கள். பின்னால் நின்ற சமோவாக்காரர்கள் இதைக் காதல் பாட்டு என்று எண்ணிச் சோடி சோடியாக மெதுவாக ஆடினார்கள். மேடையோரம் நின்ற மகாதேவன் எல்லாவற்றையும் பார்த்தார். இதற்கு மேலும் மாம்பழம் சாப்பிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மேடைக்கு ஏறிப்போய் அவளுடைய கையிலிருந்த மைக்குக்குள்ளேயே குனிந்து சொன்னார்.

"பாமா, எனக்கு மறதி இல்லை. அந்த சோக்ஸை நான் தெரிஞ்சுகொண்டுதான் வைச்சனான்."

"ஃபிரிட்ஜுக்குள்ளயோ?"

"ஓம்."

"சீனி?"

"ஓம், அதுவும்."

"ஏன்?"

"உமக்குக் கோவம் வரவேணும் எண்டு. கிளென்ரோய்தான் சொன்னது."

பாமா அவரைப் பார்த்தாள். லொறியருகே நின்ற கிளென்ரோயைப் பார்த்தாள். கிளென்ரோய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தப் பார்வை விளங்கியது. தாளத்தின் சத்தத்தை ஒரு படி கூட்டிவிட்டு லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததைப் போல ஓர் ஏச்சை அந்தப் பூங்கா அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனை கட்டு வல்லாரை ஆய்ந்தனான், எத்தனை நாள் அரைச்சனான், கோயிலுக்குப் போய் உங்கட மண்டைக்கு நேத்தி வைச்சனானே, அந்த மாம்பழமெல்லாம் எந்த வயித்துக்குள்ள போனது என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அழுகையும் ஆத்திரமும் பெரிய நிம்மதியும் ஒன்றாகச் சேர்ந்து மடை திறந்ததுபோல் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மகாதேவன் தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார். அது அவருக்குத் தெரியாமலே தாளத்தின் இடைவெளியில் சரியாகப் போய் விழுந்தது. சற்று நேரத்தில் ஆயிரம் பேரும் அவரோடு சேர்ந்து ஓம் சொன்னார்கள். இறங்கி வரும்போது பாமா மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓமை இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அவர் அதற்கும் ஓம் என்றார்.

அந்தப் பாட்டுக்கு 'வல்லாரை' என்று பெயர். யாரோ படம் பிடித்து இணையத்தில் போட, அது போகாத இடமெல்லாம் போய், வடக்குக் கடற்கரைப் பக்கம் மலையடியில் யோகா முகாம் நடத்துகிறவர்களுடைய கண்ணிலும் பட்டது. கீழைத்தேயப் பெண்மணி ஒருவர் தன் உள்ளத்தைக் கொட்ட, அருகில் வெள்ளைத் தாடியோடு தலைகுனிந்து நின்று இவ்வளவு அமைதியாக ஓம் சொல்கிற சாதகரைத் தாங்கள் கண்டதில்லையாம். இரண்டாயிரத்துப் பதின்மூன்று தொடக்கத்தில் இருவரையும் அழைத்தார்கள். மகாதேவன் முதல் தடவையாகப் போஸ்டரில் வந்தார். பாமாவின் பெயருக்கு மேலே.

அங்கே எல்லாரும் பாயில் சப்பணமிட்டு இருந்தார்கள். பாமாவுக்கு முதலில் யாரை ஏசுவதென்று தெரியவில்லை. மதியம் அவர்கள் அவிக்காத கீரையையும் முளைவிட்ட தானியத்தையும் சாப்பாடென்று முன்னால் வைத்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. ஆடு மாடே இதை யோசிச்சுத்தான் தின்னும், அடுப்பென்ன நெருப்பில்லாமலோ செய்தவங்கள் என்று அவள் தொடங்க, மகாதேவன் கண்ணை மூடி ஓம் சொல்லச் சொல்ல, பாயில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். முடிந்ததும் முகாமின் தலைவி மகாதேவனிடம் வந்து, உங்கள் மரபில் ஓம் என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டா. அவர் யோசித்து, "விளங்கிட்டுது, இனிச் செய்யமாட்டன்" என்பதுதான் பொருள் என்று மொழிபெயர்த்தார். அவ கைகூப்பி, இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் சொன்னதில்லை என்றா.

புறப்படும்போது, அடுத்து மௌன முகாம் ஒன்று இருக்கிறது, வருகிறவர்கள் ஒரு கிழமை வாயே திறக்கக் கூடாது, இருவரும் வரவேண்டும் என்று கேட்டார்கள். பாமா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கிழமை பேர்த்தில் நிகழ்ச்சி. மகாதேவன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றார், பிறகு தான் வருவதாகச் சொன்னார்.

போய், நன்றாக நித்திரை கொண்டு, சற்றுப் பருத்தும் வந்தார். கீரையை இப்போது அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சிட்னி விமான நிலையத்தில் பேர்த்திலிருந்து வந்திறங்கிய பாமாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு, அங்கே முழு நேரமும் உம்மைத்தான் நினைத்துக்கொண்டிருந்தனான் என்றார். அதில் பாதிக்குமேல் உண்மைதான்.